ஒரு பிடி ஐஸ் தூரம்

எப்சிபா டீச்சரின் கையிலிருந்த தாளில் இருபத்தேழு பெயர்கள். இருபத்தாறின் மேல் கோடு விழுந்துவிட்டது. கோடு விழுந்தால் பிள்ளை கிடைத்துவிட்டது என்று பொருள். கோடு விழாமல் நின்றது ஒரே பெயர்: த. காவியா, பத்தாம் வகுப்பு.

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணி, செவ்வந்திம்மா" என்றார் டீச்சர். "அதுக்குள்ள பொதுத் தேர்வு லிஸ்ட்டை ஏத்தியாகணும். அவ போட்டோ வேணும், கையெழுத்து வேணும். இல்லன்னா இந்த வருஷம் எழுத முடியாது."

அன்று திங்கட்கிழமை.

"அடுத்த வருஷம் எழுதக்கூடாதா டீச்சர்?"

"எழுதலாம். அப்படி அடுத்த வருஷம்னு போனவங்க எத்தனை பேர் திரும்பி வந்திருக்காங்க, நீங்களே சொல்லுங்க."

செவ்வந்தி பிறந்த ஊரான கோட்டைக்குப்பத்தில் எட்டாம் வகுப்பு முடித்தபோது, அடுத்த வருஷம் போகலாம் என்றுதான் அவளையும் நிறுத்தினார்கள். அந்த அடுத்த வருஷம் இருபத்தைந்து வருஷமாக வரவில்லை.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் மணல்மேட்டுக் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். கொஞ்ச காலம் கூடை தூக்கிப் பொன்னேரி வரை மீன் விற்றாள். பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் உதவியாளர் வேலை கிடைத்தது. பத்து வருஷமாக அரிசி களைகிறாள், முட்டை உரிக்கிறாள், தட்டு கழுவுகிறாள். இவ்வளவுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. கொடுக்கப்படாத வேலை ஒன்றும் அவளிடம் உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன், எங்கே, யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வராது. ஊரில் அதற்கு 'மூக்கு நீளம்' என்று பெயர். அவள் அதை மறுத்ததில்லை.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது, சமைத்த சாப்பாட்டுக்குப் பதில் அரிசி, பருப்பு, முட்டையைப் பெற்றோர் கையில் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தவள் செவ்வந்தி. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்காக யார் வந்து வாங்கிப் போனார்கள் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. இரண்டாயிரத்து இருபத்தொன்றில் வகுப்புகள் ஒவ்வொன்றாகத் திறந்தபோது, இருபத்தேழு பிள்ளைகள் திரும்பவில்லை. ஆசிரியர்கள் போன் செய்தார்கள். பாதி எண்கள் அணைந்திருந்தன, மீதி எண்களில் வேறு யாரோ பேசினார்கள். அப்போதுதான் செவ்வந்தி, "அந்தத் தாளைக் கொஞ்சம் படிங்க டீச்சர்" என்று கேட்டாள்.

லோகேஷ் என்ற ஒன்பதாம் வகுப்புப் பையன் காட்டூரில் அத்தை வீட்டு நாற்றங்காலில் நின்றிருந்தான். ஏண்டா வரவில்லை என்றால், பேண்ட் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டதாம், வெட்கமாம். அவனுக்காக எப்சிபா டீச்சர் ஒரு பேண்ட்டைத் தேடிப் பிடித்தார். இரண்டு அக்கா தங்கைகள் ஏற்கெனவே வேறு ஊர்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இன்னொரு சிறுமி, தம்பிக்கு முட்டை வாங்க மாதாமாதம் செவ்வந்தி முன்னாலேயே வந்து நின்றவள். எழுத்து மறந்துபோச்சு, உள்ளே வர பயம் என்று கடைசியில் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு காரணம். ஒன்றைப் போல ஒன்று இல்லாதது செவ்வந்திக்கு வியப்பாக இருந்தது.

ஆனால் காவியா விஷயத்தில் ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை. அப்பா தசரதன், அம்மா மாலா. ஏரிக்கு முகம் வைத்த ஆஸ்பெஸ்டாஸ் வீடு. முதல் இரண்டு மாதம் மாலா வந்து முட்டை வாங்கினாள். அதற்குப் பிறகு வீட்டில் பூட்டு. கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "மாமியாருக்கு முடியலன்னு ஆந்திரா பக்கம் போயிருக்காங்க. வந்துடுவாங்க."

காவியாவைச் செவ்வந்தி மறக்காததற்கு வேறொரு காரணமும் இருந்தது. எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் அந்தப் பெண் சமையலறைக் கதவோரம் வந்து நின்று, "ஆயாம்மா, முட்டை மேல முத்திரை குத்தியிருக்கே. அதைக் கையால குத்துறாங்களா, மெஷின்ல குத்துறாங்களா? கையாலன்னா ஒடையாதா?" என்று கேட்டது. பத்து வருஷமாக முட்டை உரிக்கிறவளுக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அன்று இரவு தூக்கம் கெட்டது. அடுத்த வாரம் முட்டை வேன் ஓட்டுநரைப் பிடித்து வைத்துக் கேட்டாள். "கையாலதான், பொம்பளைங்க வரிசையா உக்காந்து குத்துவாங்க" என்று அவர் சொன்னார். அந்தப் பதிலோடு காவியாவைத் தேடிப் போன நாளில்தான், மறு அறிவிப்பு வரும்வரை பள்ளி விடுமுறை என்றார்கள்.

இருபது மாதமாகப் பதில் அவளிடமே இருந்தது.

திங்கட்கிழமை மாலை சமையல் பாத்திரங்களைக் கவிழ்த்தபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தசரதன் எங்கே போனாலும் போகட்டும். அவனுக்குப் பாடு இருக்கிறதே!

ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்கள் சில. எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. அதனால் தை மாதம் சீட்டுக் குலுக்கி, எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. கல்யாணமான ஆணுக்கு ஒரு பாடு. அது ஒரு நோட்டில் எழுதப்பட்டு ஊர்ச் சங்கத்தில் இருக்கும். கடன்காரனுக்கு ஒளிகிறவன்கூடத் தன் பாட்டு நாளில் கரைக்கு வந்துவிடுவான்.

சங்கக் கட்டடத்து வாசலில் ஆண்கள் வலைக் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். நோட்டுக்குப் பொறுப்பான சிங்காரம், அவள் கணவன் வழியில் மாமா முறை, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"இன்னாமா, சோறாக்குறத வுட்டுட்டு பாடு போட வந்துட்டியா?"

"போட்டா இன்னா மாமா? உங்கள வுட ஜோரா இழுப்பேன்."

வலை பின்னியவர்கள் சிரித்தார்கள். "இழுப்பா இழுப்பா, வாயாலயே கரைக்குக் கொண்டாந்துடுவா" என்றார் ஒருவர்.

"நோட்டை நான் தொடல. நீங்களே பாத்து சொல்லுங்க. தசரதனுக்கு எந்த நாளு?"

சிரிப்பு நின்றது. சிங்காரம் கண்ணாடியைக் கழற்றினார்.

"தசரதனா? இன்னாத்துக்கு?"

"அவம் பொண்ணத் தேடினு கீறோம் மாமா. ரெண்டு வருஷமா குடும்பமே ஊர்ல இல்லியே."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனவனுக்குப் பாடு கிடையாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. போன தையில் கொரோனாவால் ஊரே சிதறிக் கிடந்ததால் யாரும் யாரையும் கேட்கவில்லை. இந்தத் தையில் கேட்பார்கள். அதற்கு இவளே தாம்பூலம் வைத்துச் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு வருஷமாவா?" என்று சிங்காரம் மெதுவாகப் பக்கத்தைப் புரட்டினார். "நாளன்னிக்கு, புதன்கெழமை, விடிகாலைப் பாடு. தையில சீட்டு எடுக்கறப்ப பேசிக்கலாம் இத."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் தன் நாக்கைத் திட்டிக்கொண்டு வந்தாள். ஒரு நோட்டில் மகள் பெயரை நிறுத்தப் போய், இன்னொரு நோட்டில் அப்பன் பெயரை ஆட்டிவிட்டாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் படகு கரை தட்டியது. இறங்கிய மூவரில் தசரதன் இல்லை. முன்னால் வந்தவன் வரதன், மாலாவின் தம்பி, வெளியூர்க்காரன்.

"மாமாவுக்கு ஒடம்பு சரியில்ல யக்கா. அதான் நான் வந்தேன்."

"மாமியாருக்குத்தானே முடியல?"

"அவங்களுக்கும்தான்."

"எந்த ஊர்ல?"

"ஆந்திரா."

"ஆந்திரா பெரிசாச்சேப்பா."

"நெல்லூரு... அதுக்கும் அந்தாண்ட."

அவன் திரும்பி மீன் கூடையைத் தூக்கினான். மீனைப் பங்கு பிரித்தார்கள். வலை இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, பாட்டுக்கு உரியவனுக்கு ஒரு பங்கு. உரியவன் பங்கில் பெரும்பகுதி அங்கேயே ஏலத்துக்குப் போனது. வீட்டுக்கென்று நான்கு மடவை மீனும், கொடுக்குக் கட்டிய இரண்டு நண்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் விழுந்தன. வரதன் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டான்.

செவ்வந்தி அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு பிடி.

கூடை தூக்கியவளுக்குத் தூரத்தைக் கிலோமீட்டரில் நினைக்கத் தெரியாது. கோட்டைக்குப்பத்துக்கு ஐஸ் வேண்டாம். பொன்னேரிக்கு ஒரு பிடி. மெட்ராஸுக்கு அரைப் பெட்டி. நெல்லூருக்கும் அந்தாண்ட என்றால் தெர்மகோல் பெட்டி நிறையப் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்ட வேண்டும். ஒரு பிடி ஐஸில் இந்த மீன் நெல்லூர் போய்ச் சேர்ந்தால் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது.

ஆக, ஒரு மணி நேரம். மிஞ்சிப் போனால் ஒன்றேகால்.

அவள் எப்சிபா டீச்சருக்குப் போன் போட்டாள். "டீச்சர், இன்னிக்கு எனக்கு லீவு வேணும். சமையல தனக்கோடியம்மா ஒண்டியா பாத்துப்பாங்க. ஏன்னு அப்பால சொல்றேன்." பழவேற்காட்டில் பொன்னேரி பஸ்ஸில் வரதன் பின் படியில் ஏறினான். அவள் முன் படியில் ஏறினாள்.

பொன்னேரியில் இறங்கி அவன் ரயில் நிலையத்துக்கு நடந்தான். சென்னைப் பக்கம் போகும் வண்டிக்கான நடைமேடையில் நின்றவனின் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"நெல்லூர் வண்டி எதிர்ப் பக்கம்ல வரும், தம்பி?"

வரதன் பையைக் கீழே போடப் பார்த்தான்.

"யக்கா, கால்ல வுழறேன், போயிடு. சங்கத்துல யாரோ மாமா பேரக் கேட்டாங்களாம். நேத்துலேர்ந்து வூட்ல ஒரே பேஜாரு."

"கேட்டது நான்தான்."

"நீயா? இன்னா யக்கா இது!"

"கேட்டது தப்புதான். அதான் வந்து கீறேன். பொண்ணப் பாக்காம போமாட்டேன். நீ கூட்டினு போனா ஒண்ணா போலாம். இல்லன்னா அந்த ஐஸு கரையற வரைக்கும் ரெண்டு பேரும் இங்கயே நிப்போம்."

வண்டி வந்தது. அடுத்த நிலையமே அனுப்பம்பட்டு. அங்கே இறங்கினார்கள்.

ஆந்திரா என்று ஊர் முழுக்கச் சொல்லப்பட்ட இடம், ரயில் நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடையில் இருந்தது. கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கி வைக்கும் பெரிய திடல். வாசலில் தகரக் கூண்டு. அதற்குள் ஒரு பெண் குனிந்து, நின்றிருந்த லாரியின் எண்ணை நீண்ட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து நிமிர்ந்தாள்.

"ஆயாம்மா!"

ஒரு சாண் வளர்ந்திருந்தாள். குரல் மட்டும் அதே குரல்.

காவலாளிச் சட்டையில் தசரதன் ஓடிவந்தான். பின்னாலேயே மாலா, கையில் கரண்டியோடு. மூவரும் வரதனைப் பார்த்தார்கள். வரதன் மீன் பையைப் பார்த்தான்.

"ஊரடங்குல கடலும் இல்ல, ஏரியும் இல்ல" என்றான் தசரதன், கேட்பதற்கு முன்பே. "இங்க வேலை கெடச்சுது. தங்க ரூமும் குடுத்தாங்க. ஆறு மாசம்னு வந்தோம். அப்பால போக முடியல."

"பொண்ண ஏன் அனுப்பல?"

"அனுப்பினா, எங்க இருந்தேன்னு டீச்சரு கேப்பாங்க. இவ சொல்லுவா. சாயங்காலத்துக்குள்ள சங்கத்துல தெரிஞ்சிடும். இங்க பக்கத்து ஸ்கூல்ல சேக்கலாம்னா, உங்க ஸ்கூல்லேர்ந்து டிசி கேக்குறாங்க. டிசி வாங்கினா, ஊர வுட்டுப் போய்ட்டேன்னு நானே சீல் வெச்சுக் குடுத்த மாதிரி. கல்யாணம் ஆன வருஷம் எனக்கு விழுந்த பாடு. ஒரு தபா போச்சுன்னா திரும்பாது."

"போன மாசம் இவளே போய் அந்த ஸ்கூல் கேட்டாண்ட ஒரு மணி நேரம் நின்னுட்டு வந்தா" என்றாள் மாலா. காவியா நோட்டைப் புரட்டுவது போல் இருந்தாள்.

"வெள்ளிக்கெழமை அஞ்சு மணிக்கு பத்தாவது லிஸ்ட்ட மூடுறாங்க" என்றாள் செவ்வந்தி. "இவ பேரு மட்டும்தான் பாக்கி."

ஒரு லாரி ஹாரன் அடித்தது. காவியா எண்ணைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து எழுதினாள்.

செவ்வந்திக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. "தசரதா, கட்டுப்பாடு சரியா இன்னா சொல்லுது? ஆம்பள வேலைக்கு வெளியூரு போவக்கூடாதுன்னா? பாதி ஊரு மெட்ராஸ்லதானே கீது."

"ஆம்பள போலாம். குடும்பத்தோட போவக்கூடாது. வூடு பூட்டிக் கெடக்கக்கூடாது."

"அப்ப பூட்டத் தொற."

"இன்னா?"

"நீ இங்கயே இரு. மாலாவும் பொண்ணும் ஊருக்கு வரட்டும். தையில சங்கம் கேக்கும், தசரதன் குடும்பம் எங்கன்னு. பொண்ணு தெனம் ஸ்கூல் பெஞ்ச்ல உக்காந்து கீது, அட்டென்டன்ஸ்ல பேரு கீதுன்னா எவன் இன்னா பேச முடியும்? ஸ்கூலு உன்னக் காட்டிக் குடுக்கும்னு ஒளிஞ்சினு கீற. ஊர்ல கீறன்னு சொல்றதுக்கு அத வுட்டா உனக்கு வேற சாட்சி ஏது?"

மாலா கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நான் அப்பவே சொன்னேன், நான் போய் வூட்டத் தொறக்கறேன்னு."

"நீ போனா இந்த நோட்ட யாரு எழுதறது?" தசரதன் கேட்டது மகளைப் பார்த்து. "எனக்கு ஒரு நம்பர் எழுத லாரி கெளம்பிப் போயிடும். சூப்பர்வைசர் கத்துவாரு."

இதுதான் உண்மையான முடிச்சு என்று செவ்வந்திக்குப் புரிந்தது. அதற்குப் பதில் காவியாவிடம் இருந்தது.

"நைனா, லாரி வந்ததும் நம்பர் பிளேட்ட போன்ல போட்டோ எடு. போட்டோவுலயே நேரம் வுழும். சாயந்திரம் எனக்கு அனுப்பு. நான் வரிசையா எழுதி வெக்கறேன். ஞாயித்துக்கெழமை வந்து நோட்டுல ஏத்திடறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுக்குள்ள நீயும் வேகமா எழுதக் கத்துக்கோ."

"பாத்தியாமா, இப்பவே வாத்தியாராயிட்டா" என்றான் வரதன், முதல் முறையாகச் சிரித்து, பையை மாலாவிடம் நீட்டியபடி. "யக்கா, மீனப் புடி, நாறப் போவுது."

அவர்கள் முடிவு சொல்லும் வரை செவ்வந்தி காத்திருக்கவில்லை. மடவைக் குழம்பு சாப்பிட்டாள், நாலு மணி வண்டியைப் பிடித்தாள். வியாழக்கிழமை முழுவதும் பள்ளிக்கும் அந்த வீட்டுக்கும் இடையில் ஏழு தடவை நடந்தாள். ஏழு தடவையும் பூட்டுத்தான். எப்சிபா டீச்சர் தாளை மடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்த வீட்டு வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. கதவு திறந்திருந்தது.

பழைய சீருடை சேரவில்லை. காவியா நீலச் சுடிதாரில் வந்தாள். எங்கே இருந்தாய் என்று எப்சிபா டீச்சர் கேட்கவே இல்லை. "உள்ள வா, மொதல்ல கையெழுத்துப் போடு" என்றார். சமையலறையின் வெள்ளைச் சுவர் முன்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். பிறகு கம்ப்யூட்டர் தன் வேலையைக் காட்டியது. மதியம் முழுக்கத் திரையில் வட்டம் சுற்றியது. நாலு மணிக்குச் சுற்றியது. நாலரைக்கும் சுற்றியது. "மாநிலம் முழுக்க ஒரே நேரத்துல ஏத்துறாங்க போல" என்று டீச்சர் விசிறிக்கொண்டார். செவ்வந்தி வாசலுக்கும் திரைக்குமாக நடந்தாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு வட்டம் நின்று பச்சை எழுத்து வந்தது.

எப்சிபா டீச்சர் கண்ணாடிக்கு அடியிலிருந்து தாளை எடுத்து, பேனாவைச் செவ்வந்தியிடம் நீட்டினார். "நீங்க போடுங்க."

செவ்வந்தி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இருபத்தேழாவது பெயரின் மேல் கோடு போட்டாள். கோடு கொஞ்சம் வளைந்துதான் போனது.

வெளி கேட்டில் சிங்காரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"தசரதன் வூடு தொறந்து கீதே. எங்க இருந்தாங்களாம்?"

"எங்க இருந்தாங்கன்னு நான் கேக்கல மாமா. இப்ப எங்க கீறாங்கன்னா சொல்றேன். பொண்ணு தோ, பத்தாவது கிளாஸ்ல. அம்மா வூட்ல. அவன் மட்டும்தான் வெளியூர்ல வேலைக்குக் கீறான், உங்க புள்ள மாதிரி."

சிங்காரம் கேட்டுக்கு மேலாக வகுப்பறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "தையில கேப்பாங்க."

"கேக்கட்டும். தையிலயும் அதே பெஞ்ச்லதான் உக்காந்து இருப்பா. நோட்டையும் தூக்கினு வாங்க, அட்டென்டன்ஸையும் வெச்சுப் பாக்கலாம்."

அவர் ஏதோ முனகிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். "வாயி... வாயி..." என்பது மட்டும் காதில் விழுந்தது.

பை எதுவும் இல்லாமல், கையில் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தோடு காவியா வெளியே வந்தாள். இருபது மாதமாக வைத்திருந்ததைச் செவ்வந்தி அப்போதுதான் எடுத்தாள்.

"ஏ பொண்ணே, முட்டை முத்திரை. கையாலதான் குத்துறாங்களாம். வேன்காரர் சொன்னாரு."

காவியா தலையை ஆட்டினாள். "இல்ல ஆயாம்மா, மெஷின்தான். எங்க திடலுக்கு நாமக்கல் லாரி நெறைய வரும். ஒரு டிரைவரோட தங்கச்சி முட்டைக் கம்பெனிலதான் வேலை செய்யுது. அவருகிட்ட கேட்டேன்."

"கையாலன்னு சத்தியம் பண்ணானே அந்தாளு!"

"அவரு பாத்தாராமா?"

செவ்வந்தி யோசித்தாள். அதை அவள் கேட்கவில்லை.

"திங்கக்கெழமை பதினோரு மணிக்கு வேன் வரும்" என்றாள். "நீயே கேளு."

"பதினோரு மணிக்கு எனக்கு சயின்ஸ் கிளாஸ் இருக்கும்" என்றாள் காவியா. "இன்டர்வெல் வரைக்கும் அவர நிறுத்தி வைங்க. வந்து கேக்கறேன்."